மான் தெருவைக் கடந்தது: ‘டார்ட்’ என்ற ஆங்கில வினையை எழுதும் முறை

திருகோணமலையில் மான் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் ஆடுகளைப்போல் மேய்ந்துகொண்டு நிற்கும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒன்று எங்கள் முச்சக்கரவண்டிக்கு முன்னால் விருட்டென்று தெருவைக் கடந்தது. அன்றிரவு அக்காவின் மகள் அதை ஆங்கிலத்தில் எழுதினாள்: ‘த டியர் டார்ட்டட் த ரோட்’. “சரிதானே மாமா?” என்றாள். இதே பிழைக்குச் சிவப்பு வட்டம் வாங்கியவன் நான்.

படி 1: பொருள். ‘டார்ட்’ என்றால் எறியும் சிறு அம்பு. வினையும் அப்படித்தான்: திடீரென்று, குறுகிய தூரம் பாய்வது. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீட்டர் ஓடி வரும் இரவு பஸ் எத்தனை வேகமாக வந்தாலும் இந்தச் சொல் பொருந்தாது. அணிலுக்கும் பல்லியின் நாக்குக்கும் பயந்தவன் கண்ணுக்கும் பொருந்தும்.

படி 2: இறந்தகாலம் ‘டார்ட்டட்’. அவ்வளவுதான்.

படி 3: சறுக்குவது இங்கேதான். ‘விருட்டென்று கடந்தது’ என்பதில் வேகம் அடைமொழியில் இருக்கிறது. கடப்பது வினையில் இருக்கிறது. ஆங்கிலம் இதைத் தலைகீழாக்குகிறது. ‘விருட்டென்று’ என்பது ‘டார்ட்’ என்ற வினையாகிவிடும். ‘கடந்தது’ என்பது ‘எக்ராஸ்’ என்று பின்னால் வரும். ‘நுழைந்தது’ என்றால் ‘இன்டு’. ‘வெளியே வந்தது’ என்றால் ‘அவுட் ஒவ்’. ஆகவே, ‘த டியர் டார்ட்டட் எக்ராஸ் த ரோட்’. முதலில் தமிழ் வாக்கியத்தை எழுதி இரண்டு சொற்களுக்கும் கோடிடுங்கள். பிறகு இடம் மாற்றுங்கள். ‘சடன்லி’ சேர்க்க வேண்டாம், அது வினைக்குள்ளேயே இருக்கிறது.

படி 4: அகராதி. தமிழ்ப் பொருளை மட்டும் தரும் கைபேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. அவை பின்னால் வரும் அந்தச் சின்னச் சொல்லைக் காட்டுவதில்லை. மாணவர்களுக்கான ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியில் உதாரண வாக்கியங்களைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ‘டார்ட் எ க்ளான்ஸ்’ என்பதில் இடையில் ஒன்றும் இல்லையே என்று நிலாவெளி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அங்கே பொருள் ‘எறிதல்’. பார்வையை எறியலாம், தெருவை எறிய முடியாது.

இன்னொருவர் ‘டாஷ்’ பற்றிக் கேட்டார். அவசரமாகக் கிளம்பும்போது ‘ஐ மஸ்ட் டாஷ்’ என்று சொல்லலாம். அங்கே ‘டார்ட்’ போட்டால் கேட்பவர் விழிப்பார்.