பசங்கள கூட்டமா நீச்சலுக்கு கூட்டிட்டு போறவங்களுக்கு

மொதல்ல ஒண்ணு மண்டையில ஏத்திக்கோங்க, சினிமால வர்ற மாதிரி கைய ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்திட்டு யாரும் மூழ்குறதில்ல. மூச்சு இழுக்கவே வாய்க்கு நேரம் பத்தல, இதுல எங்க கத்துறது? தலை பின்னாடி சாஞ்சிருக்கும், வாய் தண்ணிக்கு மேல வரும் மறுபடி உள்ள போகும், கை ரெண்டும் பக்கத்துல தண்ணிய அமுக்கிட்டே இருக்கும், உடம்பு நட்டமா நிக்கும், தூரத்துல இருந்து பாத்தா ஏதோ ஏணில ஏறுற மாதிரி இருக்கும். இதெல்லாம் 20 செகண்ட்ல இருந்து 60 செகண்டுக்குள்ள முடிஞ்சிரும். ரெண்டு கை தூரத்துல பந்து விளையாடுற பையனுக்கே தெரியாது.

அதனாலதான் சொல்றேன், காவலுக்கு நிக்கிறவங்களுக்கு வேற ஒரு வேலையும் இருக்கக் கூடாது. போட்டோ எடுக்கறது, போன் பேசறது, எவனுக்கோ துண்டு எடுத்துக் குடுக்கறது எல்லாம் வேற ஆள் பாக்கட்டும். நான் வச்சிருக்கிற கணக்கு 10 பசங்களுக்கு கரையில ஒரு கண்ணு, அது போக தண்ணில குதிக்க ரெடியா நல்லா நீந்தத் தெரிஞ்ச ஒருத்தர். "நாங்க எல்லாரும் பாத்துக்குறோம்"னு பெரியவங்க நாலு பேர் ஒரே இடத்துல உக்காந்து பேசிட்டு இருந்தா யாருமே பாக்கலன்னு அர்த்தம். ஆளுக்கு ஒரு பகுதி பிரிச்சு குடுத்துடுங்க, 20 நிமிஷத்துக்கு மேல ஒருத்தர நிக்க வைக்காதீங்க, கண்ணு தண்ணிய பாத்துட்டு இருக்கும் மனசு எங்கயோ போயிரும். வெயில் தண்ணில பட்டு கண்ணு கூசுற பக்கம் நிக்காதீங்க. இன்னொன்னு, அடி தெரியாத கலங்கல் தண்ணின்னா நான் பசங்கள இறக்கவே மாட்டேன், உள்ள போனவன தேடுறதுக்கே நேரம் போயிரும்.

"நீச்சல் தெரியுமா"ன்னு கேட்டா எல்லா பையனும் தெரியும்னுதான் சொல்லுவான். கேக்காதீங்க, நீந்தச் சொல்லிப் பாருங்க. கூட ஒருத்தர் தண்ணில இருக்கணும், கால் எட்டுற இடத்துல ஆரம்பிச்சு, சமாளிக்கிறவன மட்டும் ஆழத்துக்கு விட்டு, 25 மீட்டர் நிக்காம நீந்தி, அப்புறம் ஒரு நிமிஷம் மல்லாக்க மிதக்கச் சொல்லுங்க. முடியாதவனுக்கு நெஞ்சளவு தண்ணி வரைக்கும்தான், நடுவுல கயிறு கட்டிடுங்க. கலர் தொப்பி குடுத்துட்டா கரையில இருந்தே யாரு எங்க இருக்கக் கூடாதுன்னு தெரியும். வலிப்பு, வீசிங், இதயப் பிரச்சனை இருக்கான்னு வீட்டுல மொதல்லயே கேட்டு வாங்கிடுங்க, பசங்க அத சொல்லவே மாட்டாங்க.

ஜோடி சேக்குறது சும்மா பேருக்குன்னு நானும் ஒரு காலத்துல நெனச்சேன். நீச்சல் ஒரே அளவுல தெரிஞ்ச ரெண்டு ரெண்டு பேர சேத்து விட்டு, 10 நிமிஷத்துக்கு ஒரு தடவ விசில் அடிச்சா அவங்கவங்க ஜோடி கைய புடிச்சு தூக்கி நிக்கணும், நாம எண்ணணும். ஒரு தடவ 24 பேர கூட்டிட்டு போயிருந்தேன், விசில் அடிச்சு எண்ணினா 23. மறுபடி எண்ணினேன், 23தான். ஒரு பையன் மட்டும் தனியா கைய தூக்கிட்டு திருதிருன்னு முழிக்கிறான், "உன் ஜோடி எங்கடா"ன்னா தெரியலன்றான். எல்லாரையும் கரையேத்திட்டு ரெண்டு பேர் தண்ணிக்குள்ள எறங்கியாச்சு, அப்ப அந்த தம்பி பாத்ரூம்ல இருந்து ட்ரவுசர தூக்கிட்டு வர்றான். ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது, ஆனா எனக்கு கை நடுக்கம் நிக்க ராத்திரி ஆச்சு. அன்னில இருந்து ஒருத்தன் ஏறினா ரெண்டு பேரும் ஏறணும், பாத்ரூமா இருந்தாலும் சரி.

ஆறு, ஏரின்னா பசங்களுக்கு முன்னாடி நீங்க எறங்கி நடந்து பாருங்க, திடீர் பள்ளம், சேறு, இழுப்பு எல்லாம் கால்லதான் தெரியும். அடி தெரியாத எடத்துல தலைகீழா டைவ் அடிக்க விடாதீங்க, கழுத்து போயிரும். இடி சத்தம் கேட்டா எல்லாரும் வெளிய, கடைசி இடிக்கப்புறம் 30 நிமிஷம் கழிச்சுதான் மறுபடி. அப்புறம் இந்த மூச்சடக்குற போட்டி, இத மட்டும் நடக்கவே விடாதீங்க. வேகமா மூச்சு வாங்கிட்டு உள்ள போனா உடம்புல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சிரும், மூச்சு முட்டுற உணர்வே அந்த வாயு ஏறுறதாலதான் வருது, அந்த உணர்வு வராமலேயே பையன் மயங்கிருவான், மேல நிக்கிறவன் "செமயா அடக்குறான்டா"ன்னு எண்ணிட்டு இருப்பான்.

சரி, ஒருத்தன் தத்தளிக்கிறான். உடனே குதிக்காதீங்க, பயத்துல இருக்கவன் கையில கெடச்சத அமுக்கிதான் மேல வரப் பாப்பான், நல்லா நீந்துறவங்களே இப்படித்தான் சேந்து போயிருக்காங்க. பக்கமா இருந்தா கரையில குப்புறப் படுத்துட்டு கம்பு, துண்டு எதையாவது நீட்டுங்க, நின்னுட்டு நீட்டினா உங்களையும் இழுத்துருவான். எட்டலன்னா டியூபோ, மூடி இறுக்குன காலி கேனோ கயித்துல கட்டி வீசுங்க, அவன் மேல இல்ல, தலையத் தாண்டி விழுற மாதிரி வீசிட்டு மெதுவா இழுத்து கைக்கு கொண்டு வாங்க. படகு இருந்தா படகு. இது எதுவுமே நடக்காதுன்னா தான் நீந்திப் போறது, அதுவும் அதுக்குன்னு பழகினவங்க, நடுவுல புடிச்சுக்க ஒரு டியூபோட. கழுத்தக் கட்டிப் புடிச்சுட்டான்னா தண்ணிக்குள்ள அமுங்குங்க, அவன் மேல வர்றதுக்காக விட்டுருவான்.

கயிறு வீசறது ஈசின்னு நெனைப்போம், வீட்டுல வீசிப் பாருங்க, மொத தடவ பாதிப் பேர் கயித்தோட இன்னொரு முனையையும் சேத்து வீசிருவாங்க.

வெளிய எடுத்தப்புறம் வயித்த அமுக்கறது, தலைகீழா தூக்கி சுத்துறது எல்லாம் வேணாம், நேரமும் போகும் வாந்தி நுரையீரலுக்குள்ளயும் போகும். கூப்பிட்டா அசைவில்ல, மூச்சும் சரியா இல்லன்னா ஒருத்தர் ஆம்புலன்ஸுக்கு போன், நீங்க மல்லாக்க படுக்க வச்சு தலைய பின்னாடி சாய்ச்சு, மூக்க மூடி மொதல்ல 5 தடவ வாயோட வாய் வச்சு ஊதுங்க, அப்பவும் அசைவு இல்லன்னா நெஞ்சு நடுவுல 30 அமுக்கு, 2 ஊது, மறுபடி 30. நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 வேகம், 5 சென்டிமீட்டர் அளவு கீழ போகணும். நுரை வந்தா தொடச்சுட்டு இருக்காதீங்க, வாந்தி எடுத்தா பக்கவாட்டுல திருப்பி சுத்தம் பண்ணிட்டு தொடருங்க. எந்திரிச்சு உக்காந்து "ஒண்ணுமில்லண்ணா"ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரி கட்டாயம், மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழிச்சும் வரும்.

இதெல்லாம் படிச்சா வராது, பசங்க வர்றதுக்கு முன்னாடி பெரியவங்க ஒருத்தர மூழ்குற மாதிரி நடிக்க வச்சு ஸ்டாப்வாட்ச்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. யாரு போன் பண்றது, யாரு மத்த பசங்கள ஏத்துறது, யாரு கேட்ல நின்னு ஆம்புலன்ஸ உள்ள கூட்டி வர்றது, பேர் சொல்லி பிரிங்க, "யாராவது போன் பண்ணுங்க"ன்னா யாரும் பண்ண மாட்டாங்க. கிளம்பும்போது தலைய எண்ணினதோட செருப்பையும் பாருங்க, கரையில ஒரு ஜோடி மிச்சம் கெடந்தா அது யாரோடதுன்னு தெரியற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க.