பாக்கெட்டில் எந்த வேலைக்குக் காசு கொடுக்கிறோம்?

ரெடிமேட் பொருள் எதை எடுத்தாலும் அதற்குள் நமக்காக யாரோ செய்துவைத்த ஒரு வேலை இருக்கும். ஊறவைத்திருப்பார்கள், வறுத்திருப்பார்கள், அரைத்திருப்பார்கள், சில சமயம் வெறுமனே சர்க்கரை கலந்திருப்பார்கள். அது என்ன வேலை என்று பார்த்துவிட்டால் வாங்குவதா, வீட்டில் செய்வதா என்ற குழப்பம் பாதி தீரும். ஃப்ளேவர் ஓட்ஸிலும் பழத் தயிரிலும் நமக்கு மிச்சமாவது சர்க்கரை கலக்கும் வேலை மட்டும்தான். சாதா ஓட்ஸும் வெறும் தயிரும் வாங்கி, நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை மசித்துப் போட்டால் முடிந்தது. ஆனால் உறைய வைத்த பட்டாணி வேறு கதை. பறித்த கொஞ்ச நேரத்திலேயே உரித்து, வெந்நீரில் முக்கி, உறைய வைத்துவிடுகிறார்கள். சத்தும் பெரிதாகப் போவதில்லை. உப்பு, சாஸ் எதுவும் சேர்க்காததாகப் பார்த்துத் தாராளமாக வாங்கலாம்.

லேபிளில் இரண்டு இடத்தைப் பார்த்தால் போதும். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், கார்ன் சிரப் என்று மூன்று பெயர்களில் பிரித்துப் போட்டால் சர்க்கரை பின்னால் தள்ளிப் போய்விடும், அதனால் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அடுத்தது சோடியம். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்: 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூறு கிராமுக்கான கணக்கா, 'ஒரு பரிமாறலுக்கான' கணக்கா என்பதையும் கவனியுங்கள். அந்தப் பரிமாறல் பல சமயம் யாருக்கும் போதாத அளவாக இருக்கும்.

வீட்டில் செய்து அதிகம் மிச்சம் பிடிப்பது வேகவைத்த பயறு வகைகளில்தான். வெந்த பயறு அடைத்த 400 கிராம் டப்பாவைத் திறந்து நீரை வடித்தால் கையில் நிற்பது சுமார் 240 கிராம். அரை கிலோ காய்ந்த ராஜ்மாவை வேகவைத்தால் நாலரை, ஐந்து டப்பா அளவு வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு என்ற கணக்கில் உப்பு நீரில் 8 முதல் 12 மணி நேரம் ஊறட்டும். உப்பு போட்டால் வேகாது என்பது பழைய பயம்; ஊறும் நீரில் உள்ள உப்பு தோலை மிருதுவாக்கத்தான் செய்யும். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளி, புளி, வினிகர் எதுவானாலும் வெந்த பிறகே சேருங்கள். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரும் வருடக்கணக்கில் கிடந்த பயறும்கூட வேகாமல் படுத்தும். அப்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். கூடிப்போனால் குழைந்து சோப்பு வாடை வரும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 12 நிமிடம் வையுங்கள். ராஜ்மாவை மட்டும் ஒருபோதும் அரைவேக்காடாகச் சாப்பிடக் கூடாது. அதில் உள்ள லெக்டின் என்ற நச்சு, நாலைந்து பச்சைக் கொட்டைகளிலேயே வாந்தி வரவைக்கும். மெல்லச் சூடாகும் ஸ்லோ குக்கர் கொதிநிலையை எட்டாவிட்டால் நச்சு போகாது. குக்கர் இல்லையென்றால் முதலில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு தீயைக் குறைத்து வேகவிடுங்கள். ஆறியதும் ஒன்றரைக் கப் வீதம் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் மூன்று மாதம் கவலையில்லை. டப்பாவே வாங்க நேர்ந்தால் நீரை வடித்து அலசிவிடுங்கள், உப்பு கணிசமாகக் குறையும்.

நிலக்கடலை வெண்ணெய் பொறுமையைச் சோதிக்கும், அவ்வளவுதான். இரண்டு கப் கடலையில் சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. சிறு தீயில் 10-12 நிமிடம் வறுத்துத் தோலை ஊதிவிட்டு, சூடு ஆறுமுன் மிக்ஸியில் போடுங்கள். அரை நிமிடம் ஓட்டி, நிறுத்தி, பக்கங்களை வழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். முதலில் பொடியாகும், பிறகு ஈர மணல் போலாகும், அடுத்து உருண்டு பந்தாக நிற்கும். இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தண்ணீர் பட்டால் இளகுவதற்குப் பதில் இறுகும், சீக்கிரம் கெட்டும் போகும். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கடலையின் எண்ணெயே பிரிந்து பளபளவென்று வழியும். மிக்ஸி சூடேறினால் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். தேன் சேர்த்தாலும் இறுகும் என்பதால் வேண்டுமானால் சாப்பிடும்போது கலந்துகொள்ளலாம். மேலே எண்ணெய் மிதந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, கிளறினால் சேர்ந்துவிடும்.

பாப்கார்னுக்கு மைக்ரோவேவ் பாக்கெட்டே தேவையில்லை. மூன்று லிட்டர் பாத்திரத்தில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, மூன்றே மூன்று பாப்கார்ன் சோள மணிகளைப் போடுங்கள். அவை பொரிந்ததும் மூன்றில் ஒரு பங்கு கப் சோளத்தைப் போட்டு, மூடியை இம்மி திறந்து வையுங்கள். நீராவி வெளியேறாவிட்டால் ரப்பர் போலாகிவிடும்.

பூண்டு விழுதை அரைக்கலாம், ஆனால் எண்ணெய் ஊற்றி வெளியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில் பாட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளரும். வாடையோ ருசியோ மாறாது. ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃப்ரீசரிலேயே வையுங்கள். விழுது பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பயப்பட வேண்டாம், அதைச் சாப்பிடலாம்.