நம்ம கண்மாய்க்கு அணைச் சட்டம் உண்டா? பார்க்கும் முறை

தொண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். பாசனச் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். புரட்டாசி பிறந்தால் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் நம்ம கண்மாய்க்கும் உண்டா?"

முதலில் உயரத்தைப் பாருங்கள். அடித்தளத்தின் தாழ்ந்த பகுதியிலிருந்து கரையின் உச்சி வரை அளக்க வேண்டும். தண்ணீர் மட்டத்திலிருந்து அல்ல. 15 மீட்டரைத் தாண்டினால் சட்டத்துக்குள் வந்துவிடும். 10 முதல் 15 என்றால் இவற்றில் ஒன்றாவது வேண்டும்: கரை 500 மீட்டருக்குக் குறையாத நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு (நம் கணக்கில் சுமார் 35 மில்லியன் கன அடி), விநாடிக்கு 2,000 கன மீட்டர் வெள்ளப் போக்கு, சிக்கலான அடித்தளம், வழக்கத்தில் இல்லாத வடிவமைப்பு. நம் பக்கத்துக் கண்மாய்களில் நீளத்துக்குப் பஞ்சமில்லை. உயரத்தில்தான் அடிபட்டுப் போகும்.

வைகை அணை 111 அடி, அதில் சந்தேகமே இல்லை. இப்படிப்பட்ட அணைக்குச் சொந்தக்காரர் தனிப் பாதுகாப்புப் பிரிவு வைக்க வேண்டும், மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்ய வேண்டும், அவசரச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டும். அந்தத் திட்டத்துக்கு ஏற்கெனவே உள்ள அணைகளுக்கு ஐந்து ஆண்டு அவகாசம், 2026 டிசம்பரில் முடிகிறது. இந்த அணைகளுக்கு அபாய வகை என்று ஒன்றும் உண்டு, அதைத் தீர்மானிப்பது மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பு. அந்த வகை அணை எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வதில்லை. உடைந்தால் கீழே எத்தனை உயிர், எவ்வளவு சொத்து போகும் என்பதைத்தான் சொல்கிறது. உறுதியான அணைக்கும் உயர்ந்த அபாய வகை வரலாம். கூட்டத்தில் இதைப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிடும்.

சரி, சட்டத்துக்குள் வராத கண்மாயை என்ன செய்வது? ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் மனு நீர்வளத் துறைக்கு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. "கரை பலவீனம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "இரண்டாம் மடைக்கு வடக்கே, வெளிச்சரிவில் கலங்கலான கசிவு" என்று எழுதுங்கள். தெளிந்த கசிவைக் கண்காணிக்கலாம். கலங்கல் என்றால் கரை மண்ணே கரைந்து வெளியேறுகிறது, அன்றைக்கே போன் போட வேண்டும்.

அப்புறம் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே வழியும் உபரித் தண்ணீர், அதாவது மறுகால், கடலைச் சேரும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். தாழ்ந்த வீடுகள், பள்ளிக்கூடம், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலம், ஓடையை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலம் எல்லாவற்றையும் குறித்து மனுவோடு சேருங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.