பலகை அடிக்கும் முன் மெகர்: மலை வீட்டு வயரிங் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமவெளியில் வீடு கட்டுவோர், சுவரில் காடி (பள்ளம்) எடுத்துக் கண்டூட் பைப்பைப் (வயர் செல்லும் குழாயைப்) பதித்து, பூச்சு காய்ந்த பிறகே வயர் இழுப்பது வழக்கம். வயர் பழுதானால் உருவி மாற்றிவிடலாம். ஊட்டியிலும் குன்னூரிலும் குளிருக்காக உட்சுவரிலும் கூரைக்கு அடியிலும் பலகை அடிக்கும் வீடுகளில் அந்த வசதி பல இடங்களில் இல்லை. வயரிங் முடிந்த பின்னரே ஆசாரி வருகிறார். அவர் மூடிய பிறகு தெரியவரும் பழுதைப் பலகையைப் பெயர்க்காமல் சரிசெய்ய முடியாது. அதனால் சோதனைக்கு உரிய நேரம் ஆசாரி வருவதற்கு முந்தைய நாள்தான்.

நான் அடிக்கடி காணும் தவறு, மல்டிமீட்டர் ‘பீப்’ என்று ஒலித்ததையே சோதனை முடிந்ததாகக் கொள்வது. அந்தக் கருவி சில வோல்ட் மட்டுமே செலுத்துகிறது. பல கருவிகள் முப்பது, நாற்பது ஓம் தடை இருக்கும்போதும் ஒலிக்கும். வயரின் மேலுறை பைப்பின் கூர்முனையில் உரசிப் பாதி கிழிந்திருந்தால் அது மல்டிமீட்டருக்குத் தெரியாது. மெயின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மேலுறையின் மின்காப்புத் தடையை அளக்கும் கருவியான மெகரால் 500 வோல்ட் டி.சி. அழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்திப் பார்க்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே குறைந்தது 1 மெகாஓம் (பத்து லட்சம் ஓம்) தடை இருக்க வேண்டும் என்பது விதி. புது வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு காட்டுவதே இயல்பு, 1.2 மெகாஓம் வந்தால் விதிப்படி தேர்ச்சிதான், ஆனால் நான் அந்தச் சுவரை மூட விடமாட்டேன்.

‘மூடுபனி, அதனால்தான் குறைவாகக் காட்டுகிறது’ என்பது மலையில் எப்போதும் கையில் இருக்கும் சாக்கு. அதில் பாதி உண்மையும் உண்டு. ஈரம் சுவிட்சுப் பெட்டிக்குள் இறங்கும், தாழ்வாக வளைந்த பைப்பில் நீர் தேங்கும், பூச்சு வாரக்கணக்கில் காயாது. ஆனால் ஈரத்தால் வரும் குறைவு பெரும்பாலும் எல்லா சர்க்யூட்டிலும் ஓரளவு ஒன்றுபோலத் தெரியும். வெயில் அடித்த இரண்டு நாளில் எண் ஏறும். ஒரு சர்க்யூட் மட்டும் தாழ்ந்து, காய்ந்த பிறகும் ஏறாமல் நின்றால் அது காயம்பட்ட வயர். ஜங்ஷன் பாக்ஸில் இணைப்பைப் பிரித்து, பாதி பாதியாகச் சோதித்தால் இடம் அகப்படும். இதில் பலர் கவனிக்காத ஒன்று, வெப்பம் ஏறினால் மேலுறையின் தடை குறையும் என்பது. ஆகவே ஜனவரி மாத உறைபனிக் காலையில் எடுத்த எண், கீசரும் ரூம் ஹீட்டரும் ஓடிச் சூடேறிய வயருக்கு அப்படியே பொருந்தாது.

சுவிட்சு பொருத்தாத நிலையில் சோதிக்கும்போது, பெட்டியில் தொங்கும் முனைகளைத் தற்காலிகமாகக் கனெக்டரில் இணைக்காவிட்டால், சுவிட்சிலிருந்து விளக்குக்குச் செல்லும் வயர் சோதனைக்குள்ளேயே வராது. மாடிப்படி விளக்கின் இருவழி இணைப்பை இரு நிலையிலும் பார்க்க வேண்டும். எல்.இ.டி. விளக்கு, டிம்மர் போன்றவற்றைக் கழற்றிவிடாமல் மெகரைச் சுழற்றினால் அவை பழுதாகலாம். சோதனை முடிந்ததும் வயரில் தங்கிய மின்னூட்டத்தை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

எர்த் வயரை அளக்காமலே விடுவது அடுத்த தவறு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இருபது மீட்டருக்குச் சுமார் 0.15 ஓம்தான் காட்ட வேண்டும். 2 ஓம் காட்டினால் எங்கோ முறுக்கு தளர்ந்திருக்கிறது. கருவியின் சொந்த வயர்களுக்கும் தடை உண்டு, அதைக் கழித்த பிறகே கணக்கு.

இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலை ஒரே பெட்டியில் சேர்த்து முறுக்கிவிடுவதும் உண்டு. மின்விளக்கு எரியும், மின்விசிறி சுழலும், யாருக்கும் சந்தேகம் வராது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் வேறுபட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்களை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனித்தனியே மாட்டிய நாளில்தான் அவை காரணமின்றி விழத் தொடங்கும். டி.பி.யில் (சர்க்யூட்டுகள் பிரியும் மின்பகிர்வுப் பெட்டியில்) நியூட்ரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று மெகர் வைத்தால் இது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக, ஒரே ஒரு முறை சோதிப்பது. கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டில் பலகைக்கு முன் எல்லா சர்க்யூட்டும் நூறு மெகாஓமுக்கு மேல் காட்டியது. பலகை அடித்த மறுநாள் படுக்கையறை சர்க்யூட் ஒன்று அரை மெகாஓமுக்கு விழுந்திருந்தது. ஆணி ஒன்று பைப்பைத் துளைத்து வயரின் மேலுறையில் இறங்கியிருந்தது. முதல் நாளின் எண்களைத் தேதியோடு எழுதி, பைப்பு போகும் வழியை அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து வைத்திருந்ததால், ஒரே ஒரு பலகையைக் கழற்றி ஆணியைக் கண்டோம்.