பள்ளி வளாகத்து மண்ணைக் கொண்டே ஒரு மண் வகுப்பு: கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கக் கல்லூரியிலிருந்து செல்பவர்கள், வண்டல், செம்மண், கரிசல் என்று திரையில் படம் காட்டுவதைவிட, அந்தப் பள்ளி வளாகத்தின் மண்ணையே எடுத்துக்கொண்டு, இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை சென்று வருவது நல்லது. ஒரே நாளில் முடிந்துபோகும் நிகழ்ச்சியில் பிள்ளைகள் கேட்பவர்களாகவே இருந்துவிடுகிறார்கள்.

முதல் வருகையை டிசம்பரில் வைத்துக்கொள்ளலாம். உலக மண் நாள் டிசம்பர் 5 என்பதைவிட, வடகிழக்குப் பருவமழையில் நனைந்த மேல்மண்ணில் அப்போது உயிர்கள் நிறைந்திருக்கும் என்பதே முக்கியக் காரணம். மே மாதத்தில் அவற்றில் பல ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும்.

சருகு கூட்டி அள்ளப்படாத ஒரு மரத்தடி, தினமும் மிதிபட்டு இறுகிய திடலின் ஓரம் என இரண்டு இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே வகை மண்ணாக இருக்க வேண்டும். திடலில் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண் இருந்தால், தெரியும் வேறுபாடு சருகாலும் வேராலும் வந்ததா, மண் வகையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. சருகுக்குள் தேளோ பூரானோ இருக்கலாம் என்பதால் களைக்கொட்டால் கிளறச் சொல்லுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பது உங்கள் பொறுப்பு.

ஒரு வாரம் முன்பே எடுத்து நிழலில் உலர்த்திய நெல்லிக்காய் அளவு மண்கட்டிகளைக் கம்பி வலையில் வைத்து, தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளர்களில் ஒரே நேரத்தில் இறக்குங்கள். பெரும்பாலும் திடல் மண் சில நிமிடங்களில் கரைந்து கீழே படியும். மரத்தடிக் கட்டி உருக்குலையாமல் நிற்கும். வேர்களும் பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும் மண் துகள்களைப் பிணைத்திருப்பதே காரணம். இதை நீங்களாகச் சொல்லிவிடாமல், ஏன் என்று பிள்ளைகள் கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

வகுப்பின் உயிர்நாடி அடுத்த சோதனைதான். இத்தாலியப் பூச்சியியலாளர் அன்டோனியோ பெர்லீசி மண்ணிலுள்ள சிற்றுயிர்களைப் பிரித்தெடுக்க 1905இல் வெளியிட்ட புனல் முறையை, இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டே செய்துவிடலாம். பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து, சுமார் 2 மில்லிமீட்டர் துளையுள்ள வலையை உள்ளே பொருத்தி, அதன்மேல் சருகோடு ஒரு கைப்பிடி மண்ணைப் பரப்புங்கள். அடியில் ஈரமான வெள்ளைத் தாள் விரித்த கிண்ணத்தை வையுங்கள். மேலே எரிய வேண்டியது பழைய குண்டு பல்பு. எல்இடி விளக்கு போதிய சூடு தராது. வெப்பத்துக்கும் வறட்சிக்கும் அஞ்சிக் கீழிறங்கும் உயிர்கள் கிண்ணத்தில் விழும். இதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால் புனலை முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும். பல்பு மண்ணையோ பிளாஸ்டிக்கையோ தொடக் கூடாது. ஆளில்லாத அறையில் எரியவிடவும் கூடாது.

கைலென்ஸ் வழியாகப் பார்த்தால், தொட்டவுடன் துள்ளி மறையும் கொலம்போலா என்ற இறக்கையில்லாச் சிற்றுயிர்களும், ஊசிமுனை அளவில் மண்ணில் வாழும் உண்ணி (mite) இனங்களும் தெரியும். சருகை மட்கச் செய்யும் பூஞ்சை, பூஞ்சையைத் தின்னும் கொலம்போலா, கொலம்போலாவைப் பிடிக்கும் உண்ணி என்ற உணவுத் தொடரைக் கண்ணால் கண்டவற்றிலிருந்தே பிள்ளைகள் வரையட்டும். புலியும் மானும் உள்ள பாடநூல் படம் அன்று வேண்டாம். பார்த்து முடித்த உயிர்களை எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

புறப்படும் முன், கலப்பில்லாத பருத்தித் துணித் துண்டுகளை இரண்டு இடங்களிலும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, அடையாளக் குச்சி நட்டுவிடுங்கள். இரண்டாம் வருகையில் பிள்ளைகளே அவற்றைத் தோண்டி எடுத்து, மண்ணைத் தட்டி உலர்த்தி எடை போட வேண்டும். நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக உள்ள இடத்தில் துணி கிழிந்து நைந்திருக்கும். ஈரம் குறைந்தாலும் மட்குதல் மந்தமாகும் என்பதால், இடைப்பட்ட வாரங்களில் பெய்த மழையைப் பிள்ளைகள் குறித்துவைத்த ஏட்டை அப்போது அருகில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.