கொதிநிலை மாறாக் கலவைகள்: வடிக்கும் முன் அறிய வேண்டியவையும் வடிக்கும் முறையும்

வடித்தெடுக்கும்போது வெப்பமானி ஒரே இடத்தில் நின்றுவிட்டால் இறங்குவது தூய திரவம்தான் என்று முடிவு கட்டுவது, ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் மட்டுமல்லாமல் பல ஆண்டுகள் பழகியவர்களிடமும் காணப்படும் பிழையாகும். எடையில் 95.6 பங்கு எத்தனாலும் 4.4 பங்கு நீரும் சேர்ந்த கலவை, முதல் துளியிலிருந்து கடைசித் துளி வரை 78.2 டிகிரி செல்சியஸில் அசையாமல் வடியும். தூய எத்தனாலின் கொதிநிலையோ 78.4 டிகிரி. இவ்வளவு சிறிய வேறுபாட்டைச் சாதாரண ஆய்வக வெப்பமானியில் கண்ணால் பிரித்தறிய முடியாது. இத்தகைய கலவைகளுக்கு 1911-இல் வேடும் மெரிமனும் 'அசியோட்ரோப்' என்று பெயரிட்டனர். கொதித்தும் மாறாதது என்ற பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. நம் பாடநூல்களில் உள்ள 'கொதிநிலை மாறாக் கலவை' என்ற தொடரும் ஏறக்குறைய அதே பொருளைத் தருகிறது.

இவை உருவாகும் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரு திரவங்களும் ரவுல்ட் விதிக்குக் (கலவையில் ஒவ்வொரு திரவமும் தன் மூலக்கூறுகளின் விகிதத்துக்கு ஏற்பவே ஆவி அழுத்தம் தரும் என்பது) கட்டுப்பட்டு நடந்தால், கலவையின் ஆவி அழுத்தம் இரண்டு தூய திரவங்களின் ஆவி அழுத்தங்களுக்கு இடையிலேயே இருக்கும். எத்தனாலுக்கும் நீருக்கும் இடையேயான ஈர்ப்பு, அவை தத்தம் இனத்தோடு கொண்டுள்ள ஈர்ப்பைவிடத் தளர்வானது என்பதால், மூலக்கூறுகள் எதிர்பார்த்ததைவிட எளிதாக வெளியேறுகின்றன. ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் ஆவி அழுத்தம் உச்சத்தைத் தொடுகிறது. அங்கே கொதிநிலை மிகக் குறைவாக இருக்கிறது. அசிட்டோனும் குளோரோஃபார்மும் இதற்கு நேர்மாறானவை. குளோரோஃபார்மின் ஹைட்ரஜன் அசிட்டோனின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதால் ஆவியாவது கடினமாகி, 56 டிகிரியிலும் 61 டிகிரியிலும் தனித்தனியே கொதிக்கும் இவ்விரண்டும் ஒரு விகிதத்தில் சேர்ந்து 64 டிகிரியைத் தாண்டியே கொதிக்கின்றன. (கழிவுக் கரைப்பான்களைச் சேர்த்துவைக்கும் பாட்டிலில் இவ்விரண்டையும் ஒன்றாக ஊற்றக் கூடாது, சிறிது காரம் கலந்துவிட்டால் கடுமையான வெப்பத்துடன் வினை நடந்து வெடிக்கக்கூடும்.) எவ்வகையாயினும், உச்சியிலோ அடியிலோ உள்ள அந்தப் புள்ளியில் திரவத்தின் இயைபும் ஆவியின் இயைபும் ஒன்றாகிவிடுகின்றன. வடித்தல் என்பது அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம்பியே நடப்பதால், அதற்கு மேல் வடிகலத்தின் (குடுவைக்கு மேல் நிற்கும் பிரிப்புக் குழாயின்) உயரத்தைக் கூட்டுவதில் பயனில்லை.

முதலில் செய்ய வேண்டியது

அடுப்பை மூட்டும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். கையில் உள்ள இணை இத்தகைய கலவையை உருவாக்குமா, உருவாக்குமெனில் நம் கலவை அந்தப் புள்ளிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பனவே அவை. முதல் கேள்விக்குக் கொதிநிலைகளின் இடைவெளியை வைத்து ஊகித்து விடை சொல்லக் கூடாது. மெத்தனால் எத்தனாலுக்கு அடுத்த வீட்டுக்காரர் போன்றது. ஆனால் நீருடன் அது கொதிநிலை மாறாக் கலவையை உருவாக்குவதில்லை, நல்ல வடிகலம் இருந்தால் முழுமையாகவே பிரிந்துவிடும். அசிட்டிக் அமிலமும் நீரும் 18 டிகிரி இடைவெளியில் கொதித்தும், மாறாக் கலவையை உருவாக்காமலேயே பிரிப்பவரின் பொறுமையைச் சோதிக்கும். ஆகவே கையேட்டில் உள்ள அட்டவணையைப் பார்ப்பது ஒன்றே சரியான வழி.

இரண்டாவது கேள்வி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 10 சதவீத எத்தனாலைப் பின்னக் காய்ச்சிவடித்தால், வடிகலத்தின் உச்சியில் 95.6 சதவீதக் கலவையும் குடுவையில் நீரும் சேரும். ஆனால் 98 சதவீத எத்தனாலை அதே கலத்தில் ஏற்றினால் நடப்பது வேறு: உச்சிக்கு வருவது மீண்டும் அதே 95.6 சதவீதக் கலவைதான், குடுவையில் எஞ்சுவதே நீர் குறைந்த எத்தனால். அதாவது இங்கே வடிந்தது அதிக ஈரமுள்ளதாகவும் வடியாமல் கிடப்பது தூயதாகவும் இருக்கும். கொதிநிலைகள் மிக நெருக்கமாக இருப்பதால் நடைமுறையில் இந்தப் பிரிவு சொற்பமே என்றாலும், முதலில் வரும் வடிநீரே தூயது என்ற பழக்க நம்பிக்கை எங்கே தவறிப்போகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

கொதிநிலை உயர்ந்த வகையில் மாறாக் கலவை உச்சிக்கு வராமல் குடுவையிலேயே தங்கும். 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொதிக்கவைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறி அமிலம் நீர்க்கிறது. 10 சதவீத அமிலத்தைக் கொதிக்கவைத்தால் நீர் வெளியேறி அமிலம் செறிகிறது. எங்கிருந்து புறப்பட்டாலும் இரண்டும் 108.6 டிகிரியில் 20.2 சதவீத அமிலமாக, ஏறக்குறைய 6 மோலார் செறிவில் வந்து நிற்கும். இதை நேரடியாகவே பயன்படுத்திக்கொள்ளலாம். செறிந்த அமிலத்தைச் சம அளவு நீருடன் கலந்து, வடிநீரின் முதல் முக்கால் பங்கை ஒதுக்கிவிட்டு அடுத்துவரும் பகுதியைச் சேகரித்தால், அது செறிவு துல்லியமாகத் தெரிந்த அமிலமாகவே இருக்கும். அன்றைய வளிமண்டல அழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை: 760 மில்லிமீட்டரில் 20.22 சதவீதமாக இருப்பது 740 மில்லிமீட்டரில் 20.27 சதவீதமாகிறது. உதகமண்டலத்தில் செய்பவர் சென்னைக்குரிய எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிடக் கூடாது.

இந்த மாற்றத்தை வைத்துத்தான் 1860 வாக்கில் ஹென்றி ராஸ்கோ, இவை சேர்மங்கள் அல்ல, கலவைகளே என்று நிறுவினார். சேர்மமாக இருந்திருந்தால் அழுத்தத்துக்கு ஏற்ப அதன் இயைபு மாறியிருக்காது. இன்றும் ஐயம் வந்தால் இதுவே நல்ல சோதனை: வேறோர் அழுத்தத்தில் ஒருமுறை வடித்து இயைபை அளந்து பார்க்க வேண்டும்.

புள்ளியைக் கடக்கும் வழிகள்

95.6 சதவீத எத்தனாலிலிருந்து எஞ்சிய நீரை நீக்கும் பழைய முறை, நீற்றாத சுட்ட சுண்ணாம்பைப் போட்டு மணிக்கணக்கில் மீள்கொதிக்கவைத்துப் பின் வடிப்பது. 1902-இல் சிட்னி யங் பென்சீனைச் சேர்த்து வடிக்கும் முறையைக் காட்டினார். பென்சீன், எத்தனால், நீர் மூன்றும் சேர்ந்த மாறாக் கலவை 64.9 டிகிரியிலேயே வெளியேறி நீரைத் தன்னுடன் கொண்டுபோய்விடும். பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது என்பதால் அதன் இடத்துக்குச் சைக்ளோஹெக்சேன் வந்தது. ஆய்வகத்துக்கு எளியது 3 ஆங்ஸ்ட்ராம் மாலிகுலர் சீவ் என்னும் நுண்துளை உறிஞ்சி. அதன் துளைகளில் நீர் நுழையும், எத்தனால் நுழையாது. இந்த 95.6 சதவீத ஸ்பிரிட் 100 கிராமில் 4.4 கிராம் நீர் உள்ளது. சீவ் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரை ஏற்கும் என்று கொண்டால் 22 கிராம் போதும் என்று கணக்கு வரும், ஆனால் இரு மடங்கு போடுவதே நல்லது. பெட்ரோலில் கலப்பதற்கான எத்தனாலைத் தயாரிக்கும் ஆலைகளும், சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட்டின் ஆவியை இத்தகைய சீவ் நிரம்பிய கலங்களின் வழியே செலுத்தியே நீரை நீக்குகின்றன.

டீன்–ஸ்டார்க் அமைப்பில் நீரை வெளியேற்றுதல்

மாறாக் கலவையைத் தடையாகக் கருதாமல் வேலையாளாக வைத்துக்கொள்ளும் முறை இது. நான் மிகுதியாகப் பயன்படுத்துவதும் இதுவே. அமெரிக்கச் சுரங்கத்துறைப் பணியகத்தைச் சேர்ந்த டீனும் ஸ்டார்க்கும் 1920-இல் கச்சா எண்ணெயில் உள்ள நீரை அளப்பதற்காக இதை அமைத்தனர். டொலுயீன் 110.6 டிகிரியில் கொதிக்கும். நீரோடு சேரும்போது, ஒன்றில் ஒன்று கரையாத காரணத்தால் இரண்டும் தத்தம் ஆவி அழுத்தத்தை முழுமையாகச் செலுத்தி, சுமார் 84 டிகிரியிலேயே கொதித்துவிடுகின்றன. அந்த ஆவியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். குளிர்ந்தவுடன் இரண்டும் அடுக்குகளாகப் பிரிவதால் கனமான நீர், குடுவைக்கும் கண்டன்சருக்கும் இடையில் பொருத்திய அளவுக்குழாயின் அடியில் தங்க, டொலுயீன் வழிந்து குடுவைக்குத் திரும்புகிறது.

சைக்ளோஹெக்சனோனை எத்திலீன் கிளைக்காலுடன் வினைப்படுத்திக் கீட்டாலாக மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். 9.8 கிராம் சைக்ளோஹெக்சனோன் என்பது 0.1 மோல், அதனுடன் 7.4 கிராம் கிளைக்கால், 60 மில்லிலிட்டர் டொலுயீன், வினையூக்கியாக 0.95 கிராம் பாரா-டொலுயீன்சல்போனிக் அமிலம், சில பீங்கான் சில்லுகள் ஆகியவற்றை உருண்டையடிக் குடுவையில் இட வேண்டும். வினையிலிருந்து 1.8 மில்லிலிட்டர் நீர் வரும். அமிலம் ஒரு நீர் மூலக்கூறுடன் படிகமாகி இருப்பதால் அதன் பங்காக 0.09 மில்லிலிட்டர் கூடுதலாகச் சேரும். இந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பே குறிப்பேட்டில் எழுதிவைத்தால்தான் எப்போது நிறுத்துவது என்று தெரியும்.

அளவுக்குழாயை முன்னதாகவே டொலுயீனால் வழியும் மட்டம் வரை நிரப்பிவிட வேண்டும். இல்லையேல் குடுவையில் உள்ள டொலுயீன் எல்லாம் குழாயை நிரப்பவே போய்விடும். குழாயின் உட்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நீர்த்துளிகள் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கும், அளவும் குறைவாகக் காட்டும். ஆகவே முதல் நாளே சோப்புக் கரைசலில் ஊறவைத்துக் கழுவிக் காயவைப்பது பயன்தரும். குடுவையிலிருந்து ஆவி ஏறும் பக்கக் கையை அலுமினியத் தாளால் சுற்றுவதை நான் ஒருமுறை தவிர்த்துவிட்டு, ஒரு பிற்பகல் முழுவதும் மின்விசிறிக்கு அடியில் ஒரு துளி நீரும் சேராத குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவி பாதி வழியிலேயே குளிர்ந்து குடுவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கண்டன்சரின் மேல்வாயில் கால்சியம் குளோரைடு இட்ட காப்புக் குழாயைப் பொருத்த வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்று அந்த வழியாக இறங்கிக் கணக்கைக் கெடுக்கும். எக்காரணம் கொண்டும் அந்த வாயை அடைத்துவிடக் கூடாது.

ஹீட்டிங் மேண்டிலில் சூடேற்றிச் சிறிது நேரத்தில், கண்டன்சரின் நுனியில் விழும் துளிகள் பால்போலக் கலங்கியிருக்கும். கலங்கல் தொடரும் வரை நீர் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். துளிகள் தெளிந்து, நீர்மட்டம் அரை மணி நேரம் உயராமல் நின்றால் வினை ஓய்ந்துவிட்டது எனலாம். சேர்ந்த நீர் 1.89 மில்லிலிட்டரைச் சற்றே தாண்டியிருந்தால் வியப்படைய வேண்டாம். மிகையாக இட்ட கிளைக்கால் ஆவியோடு சிறிது சிறிதாக வந்து நீரடுக்கில் கரைந்து அதன் பருமனைக் கூட்டியிருக்கும். குறைவாக இருந்தால் முதலில் சுவரில் ஒட்டிய துளிகளை மெல்லிய கம்பியால் தள்ளிப் பார்த்துவிட்டு, பிறகு வினையை ஐயுற வேண்டும்.

டொலுயீனுக்குப் பதிலாகக் குளோரோஃபார்ம் போன்ற நீரைவிடக் கனமான கரைப்பானைப் பயன்படுத்த நேர்ந்தால், இந்தக் குழாய் உதவாது. நீர் மேலே மிதந்து முதலில் அதுவே குடுவைக்குத் திரும்பிவிடும். அதற்கென அடிப்பகுதியிலிருந்து கரைப்பான் திரும்பும்படி வடிவமைத்த குழாய் தனியே உண்டு. வேலை முடிந்ததும் மேண்டிலை இறக்கி, குடுவை ஆறிய பின்னரே கண்டன்சரின் நீரை நிறுத்த வேண்டும். அதன்பின் அளவுக்குழாயின் திருகைத் திறந்து நீரடுக்கை மட்டும் வடித்து எடையிட்டுக்கொள்ளலாம்.