தேநீர்ச் சர்க்கரையும் சட்டியில் மிஞ்சிய கறியும்

கறியும் முட்டையும் மட்டுமே உண்ணும் முறைக்கு மாறிய பின்னும், நாளுக்கு நான்கு வேளை இரண்டு கரண்டிச் சர்க்கரையிட்ட தேநீரை நான் விடவில்லை. ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை, அதாவது 160 கலோரி, துளிப் புரதமின்றி உள்ளே போயிற்று. அதனால் பசி மங்க, மதியத்துக்கென வாங்கிய அரைக் கிலோ ஆட்டுக்கறியில் பாதி, கொழுப்பு வெள்ளையாய் உறைந்து, சட்டியிலேயே கிடக்கும். மாலை நான்கு மணிக்கோ நாக்கு இனிப்பைத் தேடும். 100 கிராம் பச்சைக் கறிக்குச் சுமார் 20 கிராம் புரதம் எனக் கணக்கிட்டபோது, நாள்தோறும் 50 கிராம் புரதம் தவறியது தெரிந்தது. தேநீரைக் கைவிட மனமில்லாததால் (அது என் பலவீனம்), சர்க்கரையை மட்டும் வாரந்தோறும் குவளைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து, முதல் குவளைக்கு முன்பே மூன்று முட்டைகளை உண்ணத் தொடங்கினேன். முதல் வாரம் தலைவலி படுத்தியது. நான்காம் வாரத்தில் மதியப் பசி திரும்பி, சட்டி காலியானது.